சிவப்பு மருந்தில் ஊறிய குழாய்

அன்புள்ள மருமகள் கயல்விழிக்கு,

“செயற்கை ரத்தக்குழாயில் சீழ் பிடித்தால் ஊசி மருந்திலேயே கிருமியைக் கொல்லலாமே, எதற்கு மறுபடி ஆபரேஷன்?” என்று எழுதியிருந்தாய். டாக்டராக நினைக்கும் பெண் கேட்கவேண்டிய கேள்விதான்.

பெரிய ரத்தக்குழாய் வீங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ, டாக்ரான் என்னும் பாலியஸ்டர் குழாயைத் தைத்து வைப்பார்கள். அது உயிரில்லாத துணி. ரத்தத்தோடு வரும் மருந்தும் வெள்ளணுக்களும் அதன் இழைகளுக்குள் சரியாக எட்டுவதில்லை. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி அங்கே ஒட்டிக்கொண்டால் தன்னைச் சுற்றிப் பசைப்படலம் கட்டிவிடும். கண்மாய்ப் படியில் படிந்த பாசி தண்ணீர் ஊற்றியா போகிறது? அப்படித்தான் இதுவும். விட்டுவைத்தால் தையல் அறுந்து ரத்தம் பீறிடலாம். அதனால்தான் பெரும்பாலும் குழாயையே எடுத்துவிடுகிறார்கள்.

எடுத்த இடத்தில் நோயாளியின் தொடைச் சிரையை வைக்கலாம். ஆனால் அது நீண்ட ஆபரேஷன். இன்னொரு வழி, ஜெலட்டின் பூசிய டாக்ரான் குழாயை ரிஃபாம்பிசின் கரைசலில் ஊறவைத்துத் தைப்பது. 600 மில்லிகிராம் மருந்தை ஆபரேஷன் அறையிலேயே கரைப்பார்கள். வெள்ளைக் குழாய் செந்நிறமாகும். ஜெலட்டின் மருந்தைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். வெள்ளி பூசிய குழாய்களும் உண்டு.

ரிஃபாம்பிசின் நம் ஊருக்குப் புதிதல்ல. சிறுநீரைச் சிவக்கவைக்கும் அதே காசநோய் மருந்துதான். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையம் மதுரையிலும் பிரிவு வைத்து, இந்த மருந்து சேர்ந்த குறுகிய காலச் சிகிச்சைகளை ஆராய்ந்தது. ஒன்றரை வருஷம்வரை இழுத்த சிகிச்சை ஆறு மாதத்துக்குச் சுருங்கியதில் அந்த ஆய்வுகளில் பங்கேற்ற நோயாளிகளுக்கும் பங்குண்டு.

ஒன்றை மறந்துவிடாதே: ஊறவைத்த குழாய் காவல் மட்டுமே. முதலில் அழுகிய சதையைச் சுத்தமாக வெட்டி எடுக்கவேண்டும். சீழைக் கல்ச்சருக்கு அனுப்பி, எந்தக் கிருமி, எதற்கு அடங்கும் என்று பார்க்கவேண்டும். குடலில் வாழும் ஈ.கோலை போன்றவற்றிடம் ரிஃபாம்பிசின் அவ்வளவாகச் செல்லாது. ஆபரேஷனுக்குப் பிறகும் பல வாரம் ஊசி மருந்து தொடரும். ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால், மரபணுவில் ஒரே ஒரு மாற்றத்தால் கிருமி தப்பித்துவிடும். அதனால் வேறொரு மருந்தையும் சேர்த்தே கொடுப்பார்கள்.

காசநோய்க்கு இதை எடுப்பவரின் தோலில் இருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸும் இம்மருந்துக்கு மசியாமல் போகலாம். அவருக்கே நாளை குழாய் வைக்க நேர்ந்தால்? ஆகவே நோயாளி முன்பு என்னென்ன மருந்து சாப்பிட்டார் என்பதைப் பொறுமையாகக் கேட்டு எழுதும் டாக்டராக நீ வரவேண்டும். சீட்டில்லாமல் மெடிக்கல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கத்தை இப்போதே உன் வீட்டிலிருந்து ஒழி. அதற்குப் பட்டம் வேண்டியதில்லை.

அன்புடன்,
உன் மாமா