முதுமையில் வரும் நோய்களும் நம் மலைப் பழக்கங்களும்

முன்னுரை:
நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது பழமொழி. ஆனால் நம் எஸ்டேட் லைன் வீடுகளில் அறுபது வயதைத் தாண்டிய பலர் பிரஷர், சுகர் என்று மாத்திரையோடு இருக்கிறார்கள். கேட்டால் "வயசாயிடுச்சில்ல, அப்படித்தான்" என்பார்கள். வயது ஒரு காரணம்தான். பல வருடப் பழக்கமும் ஒரு காரணம். வயதை மாத்த முடியாது, பழக்கத்தை மாத்தலாம்.

வெற்றிலையும் புகையிலையும்:
கொழுந்து எடுக்கும்போது குளிருக்கும் பசிக்கும் போட ஆரம்பித்த வெற்றிலை, வேலையை விட்டு நின்ற பிறகும் விடுவதில்லை. புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைத்தால் வாய்ப்புற்றுநோய் வரும். "நான் வெறும் பாக்குதான் போடுறேன்" என்று சிலர் சொல்வார்கள். பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட நூலில் கூறியுள்ளது. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண் இருந்தாலோ, வாயைத் திறக்க முடியாவிட்டாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

குளிருக்குக் குடிப்பது:
மது குடித்தால் உடம்பு சூடாகிறது என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு மாதிரி தெரியும். ஆனால் உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும்.

உப்பு:
குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். அதனால் உறைபனி விழும் மார்கழி, தை மாதங்களில் பெரியவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆனால் அப்போதுதான் சோற்றுக்குக் கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் சேரும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் போதும்.

சர்க்கரை - ஒரு கணக்கு:
ஒரு டம்ளர் டீக்கு 2 ஸ்பூன் சர்க்கரை. நாளைக்கு 6 டம்ளர் என்றால் 12 ஸ்பூன். ஸ்பூனுக்கு 4 கிராம் வைத்தால் 48 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ! ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. மேட்டில் ஏறி இறங்கி வேலை செய்த காலத்தில் அது செலவானது. இப்போது வாசலில் உட்கார்ந்துகொண்டு அதே டீ, அதே அளவு சோறு, கூட வர்க்கி என்றால் உடம்பு என்ன செய்யும்?

மாத்திரை:
"தலை சுத்துனா போட்டுக்கலாம்" என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரஷர் ஏறுவது பெரும்பாலும் வெளியே தெரியாது. திடீரென்று பக்கவாதம், மாரடைப்பு வரலாம். 140/90-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் அது உயர் ரத்த அழுத்தம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 05.08.2021-ல் தொடங்கப்பட்டது.

நாம் செய்ய வேண்டியவை:
1. கடைக்குப் போய் புகையிலை, பீடி வாங்கி வருவது நாம்தான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அவற்றை விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டு சட்டம் சொல்கிறது. "எனக்குத் தர மாட்டாங்க பாட்டி" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.
2. தினமும் மாத்திரை போட்டாங்களா என்று கேளுங்கள்.
3. திட்டாதீர்கள். சாயங்காலம் கையைப் பிடித்து கொஞ்ச தூரம் நடக்கக் கூட்டிப் போங்கள்.

முடிவுரை:
"இத்தனை வருஷம் பழகிட்டேன், இனி விட்டு என்ன ஆகப்போகுது?" என்று தாத்தா கேட்டால் இதைச் சொல்லுங்கள். பீடியை நிறுத்திய 20 நிமிடத்திலேயே இதயத் துடிப்பு குறைய ஆரம்பிக்கும். ஒரு வருடத்தில் இதய நோய் வரும் ஆபத்து, தொடர்ந்து குடிப்பவரைவிடப் பாதியாகும். எந்த வயதில் விட்டாலும் லாபம்தான்.

பழக்கத்தை மாற்றுவோம்! பெரியவர்களைக் காப்போம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி