இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே

புளூமிங்டன், இண்டியானா
20 ஜூலை 2025

அன்பு மருமகனுக்கு,

மாமா எழுதுவது. கல்லூரிக் கால்பந்து அணியில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அக்கா சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் நீ பயிற்சி முகாமுக்குப் போய்விடுவாய். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை என்று வெயிலில் ஓடவிடுவார்கள். அப்போது உனக்குக் கடிதம் படிக்கப் பொழுது இருக்காது. அதனால் சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இங்கே இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவன் நான். வெள்ளிக்கிழமை இரவு பில் ஆம்ஸ்ட்ராங் மைதானத்தில் ஓடுகிற பிள்ளையைத்தான் திங்கட்கிழமை காலை வகுப்பில் பார்க்கிறேன். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஒரு பையனுடைய சீசன் தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் கெடுவது அபூர்வம். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் இருக்கிற நாட்களில்தான் கெடுகிறது. நன்றாக அமைந்தாலும் அங்கேதான் அமைகிறது. நான் சொல்வதெல்லாம் அந்த நாட்களைப் பற்றித்தான்.

முதலில் காலக் கணக்கைப் பார். ஐரோப்பாவின் லீக் ஆட்டங்கள் ஒன்பது மாதம் நடக்கும். கல்லூரிக் கால்பந்து ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி, நவம்பர் பிறந்த கொஞ்ச நாளில் பதினாறு, பதினெட்டு ஆட்டங்களை முடித்துவிடும். பல வாரங்களில் வெள்ளிக்கிழமை ஒன்று, அடுத்த செவ்வாய்க்கிழமை ஒன்று. அதன் பிறகு கான்ஃபரன்ஸ் என்ற கல்லூரிக் குழுவுக்குள் நடக்கும் போட்டி, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. நடத்தும் 48 அணிகளின் தேசியப் போட்டி, டிசம்பர் நடுவில் இறுதி ஆட்டம். என்.சி.ஏ.ஏ. போட்டியில் தோற்ற அன்றே சீசன் முடிந்தது. களைத்த தசை தேறுவதற்குள் அடுத்த ஆட்டம் வந்து நிற்கும். சீசனை இரண்டு செமஸ்டருக்கும் பரப்பிப் போடுங்கள் என்று மேரிலாந்து பயிற்சியாளர் சாஷோ சிரோவ்ஸ்கியும் மற்றவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். 2025 சீசன் வரை அது நடக்கவில்லை. நீ இந்த நெருக்கடிக்குள்தான் ஆட வேண்டும்.

ஆகவே ஓய்வையும் உன் வேலையாக நினை. சீசன் நடக்கும்போது நாளுக்கு நான்கு மணி நேரம், வாரத்துக்கு இருபது மணி நேரம், இதற்கு மேல் பயிற்சி கூடாது, வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை தர வேண்டும் என்பது விதி. கேட்க வசதியாக இருக்கும். ஆனால் வெளியூர் ஆட்டத்துக்கு பஸ்ஸில் போய்வரும் நேரம் அந்த இருபதில் சேராது. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கும் நேரமும் சேராது. நள்ளிரவுக்கு மேல் விடுதிக்குத் திரும்பி, காலை ஒன்பது மணி வகுப்புக்குப் போகிற நாட்கள் வரும். விடுமுறை நாளில் யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் ஓடிவிட்டு வருவதை உழைப்பு என்று எண்ணிக்கொள்ளாதே. அன்று தூங்கு, நேரத்துக்குச் சாப்பிடு, மெதுவாக நட. அக்டோபரில் மற்றவர்கள் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது இதன் அருமை தெரியும்.

வலியை மறைக்காதே. புதிதாகச் சேர்ந்த பையன்கள் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பின்தொடைத் தசைப் பிடிப்பைச் சொல்லாமல் ஆடுவார்கள். இரண்டு ஆட்டம் உட்கார்ந்து சரியாகியிருக்க வேண்டியது, சீசனையே தின்றுவிடும். தலையில் அடிபட்டால் ஒரு நொடிகூட யோசிக்காதே. தலை சுற்றினாலும், வெளிச்சத்தில் கண் கூசினாலும் உடனே வெளியே வந்து சொல். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்துவிட்டால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை களத்தில் இறக்கமாட்டார்கள். அந்த விதி உன் நன்மைக்காக இருக்கிறது. ஒரு கோல் போனால் போகட்டும். உன் தலை இன்னும் அறுபது ஆண்டு உனக்கு வேண்டும்.

இனி பெஞ்ச். முதலாண்டுக்காரனான நீ பெரும்பாலும் அங்கேதான் இருப்பாய். உன் இடத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுக்காரர்கள் ஆடுவார்கள். ஜெர்மனியிலிருந்தும் நார்வேயிலிருந்தும் கிளப் பயிற்சியோடு வந்தவர்கள் அவர்களில் இருப்பார்கள். மனம் சுருங்காதே. கல்லூரி விதியில் மாற்று ஆட்டக்காரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. முதல் பாதியில் வெளியே வந்தவன் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் ஒரு முறை திரும்பலாம். அதனால் முதல் அரைமணி நேரத்திலேயே பயிற்சியாளர் பெஞ்சைப் பார்ப்பார். எதிரணியின் இடது பின்வரிசைக்காரன் எந்தக் காலில் திரும்புகிறான், கார்னருக்கு யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தவன், உள்ளே போன முதல் நிமிடத்திலேயே பயன்படுவான். தன் நிலைமையை நினைத்து வருந்திக்கொண்டிருந்தவனுக்கு ஆட்டம் பிடிபடவே பத்து நிமிடம் ஆகும். அதற்குள் அவனைத் திரும்ப அழைத்துவிடுவார்கள்.

மேட் டர்னரை நினைத்துக்கொள். 2010 உலகக் கோப்பையைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கால்பந்தில் தீவிரம் வந்தது. ஃபேர்ஃபீல்டு என்ற சிறிய பல்கலைக்கழகத்தின் கோல்கீப்பர். படிப்பு முடிந்த 2016-இல் அமெரிக்க லீக்கின் டிராஃப்ட் என்ற ஆட்டக்காரர் தேர்வில் எந்த அணியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. நியூ இங்கிலாந்து அணியில் தேர்வுக்கு வந்து, இடம் பிடித்து, 2022 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றார். யாரும் அவரைப் பார்க்காத நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதற்குத்தான் அந்த நான்கு ஆட்டங்களும் சாட்சி.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருக்கிறார். ஜெர்ரி யேக்லி 1963-இல் இண்டியானாவுக்கு வந்தபோது கால்பந்து இங்கே வெறும் கிளப் விளையாட்டு. பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி என்ற தகுதி 1973-இல்தான் கிடைத்தது. அந்தப் பத்து ஆண்டும் கிளப் அணியை நடத்திக்கொண்டே அந்தத் தகுதியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். 2003-இல் ஆறாவது பட்டத்தோடு ஓய்வு பெற்றார். அவர் மகன் டாட் யேக்லி 2012-இல் ஒரு பட்டம் வாங்கித் தந்தார். காத்திருக்கும் காலத்தில் கையில் இருக்கும் வேலையைச் செய்தவர் ஜெர்ரி. நீயும் அப்படி இரு.

படிப்பைப் பற்றி ஆசிரியனாகவே பேசுகிறேன். முழுநேர மாணவனாக இருந்தால்தான் ஆட முடியும். செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் வேண்டும். வெளியூர் ஆட்டங்களின் பட்டியலை முதல் வாரத்திலேயே ஒவ்வொரு பேராசிரியரிடமும் நீயே நேரில் கொண்டுபோய்க் கொடு. உன் அணி அலுவலகம் அனுப்பும் மின்னஞ்சலை நம்பி இருந்துவிடாதே. முன்கூட்டியே வந்து சொல்லும் மாணவனுக்கு நாங்கள் வழி பண்ணுவோம். தேர்வுக்கு முதல் நாள் வந்து நிற்பவனுக்கு எங்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. என்.சி.ஏ.ஏ. போட்டியின் கடைசிச் சுற்றுகளும் செமஸ்டர் இறுதித் தேர்வும் ஒரே நேரத்தில் வரும் என்பதையும் மறக்காதே.

பணத்தைப் பற்றியும் தெளிவாக இரு. இதுவரை கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் ஒன்னில் ஓர் ஆண்கள் கால்பந்து அணிக்கு மொத்தம் 9.9 முழு உதவித்தொகைக்கு ஈடான பணம்தான், அதை அணி முழுவதற்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார்கள். இந்த ஆண்டிலிருந்து உதவித்தொகைக்கான புதிய விதிமுறையை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் அந்த வரம்பு இல்லை. ஆனால் அணியில் 28 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த ஆண்டு உன் இடமும் உதவித்தொகையும் எப்படி முடிவாகும் என்று பயிற்சியாளரிடம் மரியாதையாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். கேட்பதில் தவறே இல்லை.

கடைசியாக, போன சீசனை நீ படித்துப் பார்க்க வேண்டும். வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2024-இல் தரவரிசை இல்லாத அணியாக என்.சி.ஏ.ஏ. போட்டிக்குள் வந்தது. தரவரிசை பெற்ற 16 அணிகள் முதல் சுற்றில் ஓய்வாக இருந்தன. வெர்மான்ட் அந்தச் சுற்றையும் ஆடியது. காலிறுதியில் பிட்ஸ்பர்க்குக்கே போய் அந்த ஊர் அணியை வென்றது. டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை அரையிறுதியில் டென்வரை பெனால்டி ஷூட் அவுட்டில் தாண்டியது. நடுவில் இரண்டே நாள். திங்கட்கிழமை வட கரோலினாவின் கேரி நகரில் மார்ஷலுக்கு எதிரான இறுதி ஆட்டம். ஒரு கோல் பின்தங்கி, கடைசிப் பத்து நிமிடத்துக்குள் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் மேக்சிமிலியன் கிஸ்ஸல் போட்ட கோலில் 2-1 என்று வென்றார்கள். அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்தின் முதல் தேசியப் பட்டம் அது. ஆகஸ்டிலிருந்து ஓடிய கால்கள் டிசம்பர் இரவில், கூடுதல் நேரத்தில் ஓடின என்றால், அந்த வலுவை நாலு மாதமாகச் சேர்த்து வைத்திருக்க வேண்டும். ஒரே நாளில் வருவதில்லை அது.

தோற்கிற நாளும் வரும். அன்று இரவு வருத்தப்படு. மறுநாள் வகுப்புக்குப் போ. வீட்டுக்கு ஃபோன் செய்யும்போது உண்மையைச் சொல். ஆடாத ஆட்டத்தை ஆடியதாகச் சொல்லாதே. உன் அம்மாவுக்கு நீ நன்றாக இருக்கிறாயா என்பதுதான் கேள்வி.

செப்டம்பரில் எனக்கு எழுது. எத்தனை நிமிடம் ஆடினாய் என்று கேட்க மாட்டேன். எப்படித் தூங்குகிறாய், எந்தப் பாடம் பிடித்திருக்கிறது, அணியில் யாரிடம் என்ன கற்றுக்கொண்டாய் என்று எழுது. இந்த மூன்றும் சரியாக இருந்தால், நிமிடங்கள் தானே கூடும் என்று நான் மனதார நம்புகிறேன்.

எல்லா ஆசிகளும்.

உன் மாமா