கண்ணிழந்தோரும் நம் கணிப்பும்

பள்ளிச் சேர்க்கை பற்றிப் பெற்றோருக்கு விளக்கம் கூறுவதற்காக, சில ஆண்டுகளுக்கு முன்னர், ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத் தோட்டமொன்றுக்கு நாம் சென்றிருந்தோம். லயத்து வீடொன்றின் வாசற்படியில் ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் அமர்ந்து, ரப்பர் விதைகளைத் தகரக் குவளையில் ஒவ்வொன்றாகப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அருகில் நின்ற தாயை நோக்கி, "பையன் பெயர் என்ன அம்மா?" என்று கேட்டோம். அன்னையார் வாய் திறப்பதற்குள், "என்னையே கேக்கலாமே சார்" என்று கூறிவிட்டுச் சிறுவன் தன் பெயரைச் சொன்னான்.

ஆசிரியப் பயிற்சி பெற்று, வகுப்பறையில் பல ஆண்டுகள் நின்ற நாமே இத்தவற்றைச் செய்தோம். பார்வை இல்லாதவனுக்குச் செவியும் வாயும் அறிவும் குறைவு என்று யாரும் நமக்குக் கற்பித்ததில்லை. ஆயினும் அவ்வெண்ணம் நம் நாவில் முந்திக்கொண்டு நின்றது.

அவனை ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று வினவினோம். "கண்ணு தெரியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதுக்கு ஐயா? நாங்க இருக்கிற வரைக்கும் சோறு போட்டுப் பாத்துக்குவோம்" என்றார் பாட்டியார். அச்சொல்லில் அன்பு இருந்தது. அதனை நாம் குறை கூறோம். ஆனால் "நாங்கள் இருக்கிற வரைக்கும்" என்பதற்குப் பிறகு என்ன என்பதை அக்குடும்பம் எண்ணிப் பார்க்கவில்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கென 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பிரின்சஸ் எலிசபெத் பள்ளி ஜொகூர் பாருவிலேயே விடுதியுடன் நடைபெற்று வருகிறது. அத்தோட்டத்திலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அப்படியொரு பள்ளி இருப்பதை அங்கே எவரும் அறிந்திருக்கவில்லை.

பார்வையற்றோர் அன்றாடம் சந்திக்கும் தொல்லைகளுள் பெரும்பாலானவை கண்ணால் வருவன அல்ல. சுற்றியுள்ள நம்மால் வருவன. தேநீர்க் கடைக்காரர், "இவருக்குச் சீனி போடவா?" என்று உடன் வந்தவரைக் கேட்கிறார். மருந்தகத்தில் மாத்திரை உண்ணும் முறையை நோயாளிக்குக் கூறாமல் துணைக்கு வந்த சிறுபிள்ளைக்குக் கூறுகிறார்கள். சிலர், காது கேளாதவரிடம் பேசுவதைப்போல் உரக்கக் கத்துகிறார்கள். பேருந்து நிலையத்தில் வேலைக்குச் செல்லக் காத்து நிற்பவரின் கையில் இரண்டு வெள்ளியைத் திணித்துவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டவராய் நடப்பவரும் உண்டு. கொடுத்தவருக்கு அது தருமம். பெற்றவரோ, தாம் உடுத்தியிருக்கும் வெளுத்த சட்டையும் தோளில் மாட்டிய பையும் தம்மை இரவலரல்லர் என்று காட்டவில்லையே என வருந்துகிறார்.

இதற்கு நேர்மாறான கணிப்பும் ஒன்று உண்டு. "கண் போனால் காது கூர்மையாகிவிடும், அவர்களுக்கு ஆறாவது அறிவு உண்டு, எல்லாரும் நன்றாகப் பாடுவார்கள்" என்பது அது. புகழ்ச்சியாகத் தோன்றினும் இதுவும் ஒரு தடையே. இதனைப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பொழுது புலருமுன், தலையில் கட்டிய விளக்கின் சிறு வெளிச்சத்தில் மரத்தைச் சீவுகிறீர்கள். கத்தி பட்டைக்குள் செல்ல வேண்டும், மரத்தைத் தொடலாகாது. இடையே விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். அந்த ஆழத்தைக் கண்ணா அளந்து சொல்கிறது? கைதான் சொல்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர் மரத்தைக் காயப்படுத்துகிறார். அனுபவம் உள்ளவர் பேசிக்கொண்டே சீவுகிறார். அதனை ஆறாவது அறிவு என்று எவரும் கூறுவதில்லை. பார்வையற்றவர் காலடி ஓசையைக் கொண்டு ஆளை அறிவதும், ஊன்றிய கோலின் ஒலியால் சுவரை உணர்வதும் இத்தகைய பழக்கமே. பழக்கம் என்றால் அதனைக் கற்பிக்க வேண்டும். கற்பிப்பதற்கு வாய்ப்பளிக்க வேண்டும். தெய்வம் கொடுத்த வரம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு நம்மை விட்டு அகன்றுவிடுகிறதல்லவா?

இன்னொன்றும் கூறவேண்டும். பார்வையற்றோர் அனைவரும் முழு இருளில் வாழ்பவர் அல்லர். பிறர் அறுபது மீட்டர் தொலைவில் காண்பதை மூன்று மீட்டர் தொலைவிலும் காண இயலாதவரை மருத்துவர்கள் பார்வையற்றவராகக் கணக்கிடுகின்றனர். அவர்களுள் பலருக்கு வெளிச்சமோ, நிழலோ, பெரிய உருவமோ ஓரளவு தெரியும். இதனை அறியாதவர்கள், கோல் பிடித்து நடப்பவர் கைக்கடிகாரத்தைக் கண்ணருகே தூக்கிப் பார்த்துவிட்டால் "நடிக்கிறான்" என்று பழிக்கின்றனர்.

முன்வினைப் பயன் என்றும், வெளியே புறப்படும்போது எதிரே வந்தால் சகுனத் தடை என்றும் கூறும் வழக்கம் நம்மிடையே இன்னும் அற்றுப்போகவில்லை. இவ்விடத்தில் பெரியபுராணம் கூறும் தண்டியடிகளை நினைவூட்டலாம். பிறவியிலேயே பார்வையற்ற அவர், திருவாரூரில் தூர்ந்துவந்த குளத்தைத் தாமே தோண்ட முனைந்தார். குளத்தின் உள்ளே ஒரு கம்பும் கரையில் ஒரு கம்பும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கொட்டினார். கண்டவர் சிலர் எள்ளி நகையாடினர். கதையின் இறுதியில் அவருக்குப் பார்வை கிடைத்தது என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆசிரியர் என்ற முறையில் எமக்கு அந்தக் கயிறே பெரிதாகப் படுகிறது. பார்வை கிடைக்கும் முன்னரே, அக்கயிற்றைக் கொண்டு வேலை நடந்துகொண்டிருந்தது.

பிரான்சு நாட்டில் 1809இல் பிறந்த லூயி பிரெய்ல் என்பாரின் வரலாறும் இத்தகையதே. தோல் வேலை செய்யும் தந்தையின் பட்டறையில், மூன்று வயதில், கூரிய ஊசி பட்டு ஒரு கண்ணை இழந்தார். மற்றக் கண்ணும் பின்னர்க் கெட்டது. ஆறு புள்ளிகளை மேடாகக் குத்தி விரலால் படிக்கும் எழுத்து முறையை அவர் உருவாக்கியபோது வயது பதினைந்து. உடன் பயின்ற பார்வையற்ற மாணவர்கள் அதனை ஆவலுடன் ஏற்றனர். தயங்கியவர்கள் பார்வையுள்ள ஆசிரியர்களே! தங்கள் கண்ணுக்குப் பழகிய சாதாரண எழுத்தையே மேடாக அச்சிட்டுத் தந்தால் போதும் என்பது அவர்தம் வாதம். விரலுக்கு எது எளிது என்பதைக் கண் முடிவு செய்தது. பிரெய்ல் 1852இல் மறைந்தார். அவர் பயின்ற பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றது அதன் பிறகுதான். இன்று தமிழையும் மலாயையும் ஆங்கிலத்தையும் அந்த ஆறு புள்ளிகளாலேயே எழுதவும் படிக்கவும் இயலும்.

நம் நாட்டில் 1951இல் அமைந்த மலேசியப் பார்வையற்றோர் சங்கம், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தொழிற்பயிற்சி அளித்து வருகிறது. ஜொகூர் பாருவில் தொடக்கக் கல்வி முடித்தவர்கள் செத்தாப்பாக்கில் உள்ள இடைநிலைப் பள்ளியில் தொடரலாம். உடற்குறையைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து எவரையும் ஒதுக்கலாகாது என்று 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் கூறுகிறது. அரசாங்க வேலையில் நூற்றுக்கு ஓரிடம் அவர்களுக்கென்பதும் கொள்கையாக உள்ளது. இவற்றைப் பெறுவதற்கு முதற்படி, மருத்துவரின் சான்றுடன் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பதிந்து அட்டை பெறுவதாகும். பிள்ளையைப் பதிந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும், தங்கையின் திருமணப் பேச்சு தடைப்படும் என்று அஞ்சிப் பதியாமலிருக்கும் குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த அச்சத்தின் விலையை அப்பிள்ளையே கொடுக்கிறது.

விதி என்னும் எண்ணம் முதியோரின் கண்ணையும் கெடுக்கிறது. 2014ஆம் ஆண்டில் நடைபெற்ற நாடளாவிய ஆய்வில், ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் பார்வையிழப்பில் பாதிக்கு மேற்பட்டது கண்புரையால் நேர்ந்தது எனத் தெரியவந்தது. கண்புரை அறுவை மருத்துவத்தால் நீங்கக்கூடியது. "வயசாச்சு, அப்படித்தான்" என்று படுக்கையில் அமர்த்திவிடுவதற்கு முன், பெரியவர்களை அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பார்வையற்ற ஒருவரைச் சாலையில் கண்டால், முதலில் உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபம் கொள்ளாதீர்கள். வேண்டும் என்றால் அவர் கையைப் பற்றி இழுக்காதீர்கள்; உங்கள் முழங்கை மேற்புறத்தை அவர் பற்றிக்கொள்ளட்டும். அரையடி முன்னே நீங்கள் நடந்தால், படி ஏறுவதும் இறங்குவதும் உங்கள் உடலசைவிலிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும். அவருடைய வெள்ளைக் கோலைப் பிடித்து வழிகாட்டுவது மிகப் பெரிய தவறு. அது ஊன்றுகோல் அன்று. முன்னே தரையைத் தொட்டறியும் விரல். விரலைப் பிடித்து இழுத்தால் எவருக்குத்தான் வழி தெரியும்? பேசத் தொடங்கும்போது உங்கள் பெயரைச் சொல்லுங்கள்; விடைபெறும்போதும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். இல்லையேல் அவர் வெற்று நாற்காலியுடன் பேசிக்கொண்டிருக்க நேரும்.

குளுவாங் தோட்டத்துச் சிறுவன் மறு ஆண்டு ஜொகூர் பாரு விடுதியில் சேர்ந்தான். தாயார் முதல் மாதம் முழுவதும் அழுதாராம். முதல் விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது நாம் அவ்வழியே சென்றோம். இம்முறை அவனிடமே நலம் விசாரித்தோம். "சட்டைய அவனே மடிச்சு வைக்கிறான் ஐயா; தட்டையும் அவனே கழுவுறான். நாங்க கழுவித் தர்றோம்னா விட மாட்டேங்கிறான்" என்று தாயார் கூறினார். பாட்டியார் மட்டும் இன்னும் மீன்முள்ளை எடுத்துத்தான் அவனுக்குத் தருகிறார். அதனை அவன் மறுப்பதில்லை.