பாலாடைக்கட்டியைப் பேணுதல்

கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைநகரம். அங்குச் சுற்றுலா செல்லும் திருவனந்தபுரத்துக் குடும்பங்கள் திரும்பும்போது தைலத்தோடும் சாக்லேட்டோடும் பாலாடைக்கட்டியையும் வாங்கி வருவதுண்டு. பேச்சுவழக்கில் இதனைச் ‘சீஸ்’ என்பர். சிறு துண்டாக வாங்கினால் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். ஆசை மிகுந்து இரண்டு கிலோக் கட்டியாக வாங்கி வந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. குளிர்ந்த மலையில் வாங்கிய பொருள், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் ஈரமான கடலோர நகரத்தில் பல வாரம் கெடாமல் இருக்க வேண்டுமே!

ஒரு கிலோ கெட்டியான பாலாடைக்கட்டி செய்வதற்கு ஏறத்தாழப் பத்து லிட்டர் பசும்பால் தேவைப்படும். எனவே அந்த இரண்டு கிலோக் கட்டி பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போனால், இருபது லிட்டர் பால் வீணாயிற்று என்று பொருள்.

இதனைச் செல்வமாகவே மதித்துக் காத்தவர்கள் உண்டு. 1666 ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகரம் தீப்பற்றி எரிந்தது. அப்போது கடற்படை அலுவலராக இருந்த சாமுவேல் பெப்பீசு என்பவர் தோட்டத்தில் குழி தோண்டித் தம் மதுவையும் பார்மசான் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்தார். இச்செய்தியை அவர் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். இத்தாலியில் கிரெடிட்டோ எமிலியானோ என்னும் வங்கி, கேரளத்தில் நகையை அடகு பெறுவதுபோல, இவ்வகைப் பாலாடைக்கட்டியை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்குகிறது. அடகு வந்த கட்டிகளை வங்கியின் கிடங்கிலேயே முதிர வைக்கின்றனர். ஒரு கட்டியின் எடை ஏறத்தாழ 40 கிலோ. அவற்றைக் காத்தலும் வங்கியின் பணிதான்!

பாலாடைக்கட்டி நெடுநாள் நிற்பதன் காரணத்தை அறிந்தால், அதைக் காக்கும் வழியும் விளங்கும். பாலில் நூற்றுக்கு 87 பங்கு நீர் உள்ளது. பாலைத் திரியச் செய்து, தெளிநீரை வடித்து, உப்பிட்டு அழுத்தி, மாதக்கணக்கில் முதிர வைப்பதால் செடார் போன்ற கெட்டி வகைகளில் நீரின் அளவு 37 பங்களவுக்குக் குறைகிறது. பனீரிலோ ஏறத்தாழப் பாதி நீர்தான். அதனால் அது சில நாள்களிலேயே கெடுகிறது. நீரைக் குறைத்து உப்பைக் கூட்டும் இம்முறை நமக்குப் புதிதன்று. மோர்மிளகாயும் கருவாடும் இதே வழியில் நிலைப்பவைதாம். இமயமலைப் பகுதியில் செய்யப்படும் ‘சுர்ப்பி’ என்னும் கட்டியில் நீர் இன்னும் குறைவு. பல்லால் கடிக்க முடியாத அதனை நெடுநேரம் வாயில் அடக்கிச் சுவைப்பர்.

ஆயினும் செடார் போன்றவை சுர்ப்பியைப்போல் முற்றிலும் உலர்ந்துவிடக் கூடாது. குளிர்பதனப் பெட்டியின் காற்று வறண்டது. மூடாமல் வைத்தால் கட்டி காய்ந்து வெடிக்கும். காற்றுப் புகாதபடி நெகிழித்தாளால் இறுகச் சுற்றினாலோ அதன் ஈரம் வெளியேற வழியின்றி மேற்பரப்பில் தங்கும், பூசணம் வளரும். எனவே முதலில் மெழுகுத்தாளிலோ பட்டர் பேப்பரிலோ சுற்ற வேண்டும். பின்னர் அதனை ஒரு டப்பாவில் இட்டு, மூடியைச் சற்றே தளர்வாக வைத்தல் நலம். காய்கறி வைக்கும் கீழ்த்தட்டு இதற்கு ஏற்ற இடம். மீன்குழம்பையும் நறுக்கிய வெங்காயத்தையும் அருகில் வைத்தலாகாது. பாலாடைக்கட்டியிலுள்ள கொழுப்பு பிற மணங்களை எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

முழுக் கட்டியையும் ஒரே நாளில் சிறு துண்டுகளாக்குவதும் தவறு. வெட்டிய பரப்பு மிகுந்தால் காற்றுப்படும் இடமும் மிகும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த, தூய கத்தியால் வெட்டித் தனியே வைக்க வேண்டும். உறையைப் பிரித்த கெட்டிக் கட்டி மூன்று, நான்கு வாரங்கள் தாங்கும். நால்வர் வாழும் வீட்டில் அதற்குள் இரண்டு கிலோ தீர்வது அரிது. ஆகவே பாதியைத் துருவி உறைநிலைப் பெட்டியில் வைக்கலாம். உறைந்தபின் அது உதிரியாகும். வெட்டி உண்ணச் சுவைக்காது. தோசைமேல் தூவ ஒரு குறையும் இல்லை.

கடலோர நகரில் மற்றுமோர் இடர் உண்டு. குளிர்ந்த நீர்க்குப்பியை வெளியே எடுத்ததும் அதன்மேல் துளிகள் அரும்புவதைக் கண்டிருப்போம். அதுபோல, மேசைமேல் வைத்த கட்டியும் சில நிமிடங்களில் வியர்க்கும். அந்த ஈரத்தோடு மீண்டும் மூடி வைப்பதே பூசணத்துக்கு நாமே கொடுக்கும் அழைப்பு. வேண்டிய துண்டை வெட்டியவுடன் பெரிய கட்டி உள்ளே போய்விட வேண்டும். மழைநாளில் மின்சாரம் நின்றால் கதவைத் திறவாதிருத்தல் நன்று. மூடிய பெட்டி நான்கு மணி நேரம் வரை குளிர் காக்கும்.

இத்தனைக்குப் பிறகும் பூசணம் தோன்றலாம். கெட்டிக் கட்டியாயின் அவ்விடத்தைச் சுற்றியும் அடியிலும் 2.5 செ.மீ. அளவுக்கு வெட்டி நீக்கிவிட்டு எஞ்சியதை உண்ணலாம். கத்தி பூசணத்தின்மேல் படக் கூடாது. பனீர், துருவல், மெல்லிய சீவல் ஆகியவற்றில் பூசணம் கண்டால் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். முதிர்ந்த கட்டியின் உள்ளே வெண்ணிறக் கடினமணிகள் தென்படுவதுண்டு. அவை பூசணமல்ல, முதிர்ச்சியால் விளைந்த படிகங்கள். அவற்றைக் கண்டு நல்ல கட்டியை எறிந்தவர்களும் இருக்கக்கூடும்!

அருஞ்சொற்பொருள்

பேணுதல் – பாதுகாத்தல். ஈடு – அடகுப்பொருள். நெகிழித்தாள் – பிளாஸ்டிக் தாள். அரும்புதல் – தோன்றுதல்

பயிற்சி

1. பனீர் விரைவில் கெடுவதன் காரணம் யாது?

2. கட்டியை நெகிழித்தாளால் இறுகச் சுற்றினால் என்ன நிகழும்?

3. ‘மெழுகுத்தாள்’, ‘மோர்மிளகாய்’ ஆகியவற்றைப் பிரித்து எழுதுக.

4. உம் வீட்டில் மழைக்காலத்தில் கெடாமல் காக்கப்படும் ஓர் உணவுப்பொருளைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.