திறக்காத கோப்பு

ஆவடியில் ஒரு பாட்டி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2001இல் தம் இளமைக்கால நினைவுகளை நோட்டில் எழுதினார். அதை அம்பத்தூரில் ஒரு டி.டி.பி. நிலையத்தில் தட்டச்சு செய்து, குறுந்தகட்டில் வாங்கி வைத்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நோட்டு போய்விட்டது. குறுந்தகடு மட்டும் மிஞ்சியது. அதிலுள்ள கோப்பைக் கணிப்பொறி திறக்க மறுக்கிறது. பாட்டியின் நினைவுகள் அழிந்துவிட்டனவா?

அவசரப்படாதீர்கள். கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் நீண்ட வரிசை. ஒவ்வோர் எண்ணும் ஒரு பைட். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற விதி தெரிந்தால்தான் கணிப்பொறியால் கோப்பைப் படிக்க முடியும். விதி தெரியாதபோது 'திறக்காது' என்கிறது. எண்கள் பத்திரமாகவே இருக்கலாம்.

முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். சோதனை எல்லாம் பிரதியில்தான். அடுத்து அதன் அளவைப் பாருங்கள். 0 பைட் என்றால் உள்ளே ஒன்றுமில்லை. வேறு பிரதியைத் தேட வேண்டும். அளவு இருந்தால் நம்பிக்கை உண்டு.

பிறகு பெயரைப் பாருங்கள். பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் வெறும் மேல்சீட்டுதான். உப்பு டப்பாவின் மேல் 'சர்க்கரை' என்று எழுதிவிட்டால் உப்பு இனிக்குமா? உள்ளே இருப்பது எது என்பதைக் கோப்பின் முதல் சில பைட்டுகளே சொல்லும். பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் சதவீதக் குறியும் பி, டி, எஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பி.டி.எஃப். கோப்பு. அவற்றின் எண்கள் 37, 80, 68, 70. பி, கே என்று தொடங்கினால் அது ஜிப் வகை. 1989இல் அந்த முறையை வெளியிட்ட பில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரெழுத்துகளே அவை! இன்றைய வேர்டு கோப்பும் உண்மையில் ஜிப் வகைதான்.

நம் பாட்டியின் கோப்பில் இத்தகைய அடையாளம் ஏதுமில்லை. ஆனால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் குழம்பிக் கிடக்கின்றன. 106, 107, 112, 111, 59 என்ற வரிசை அடிக்கடி வருகிறது. அதாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இது என்ன புதிர்?

அக்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் எழுத்தை வரைந்தன. பாமினி என்ற எழுத்துருவில் 106க்கு 'த'. அந்த ஐந்து எண்களையும் பாமினியில் பார்த்தால் 'தமிழ்' என்று வரும்! ஆனால் எழுத்துருவுக்கு எழுத்துரு எண்கள் மாறின. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. தமிழக அரசும் டாம், டாப் என்ற பொதுக் குறியீடுகளை ஏற்றது. பின்னர் 2010இல் யூனிகோடை ஏற்றது. யூனிகோடில் 'அ'வின் எண் 2949. உலகெங்கும் அதே எண்தான்.

ஆகவே கோப்பைப் பாமினி எழுத்துருவில் பாருங்கள். பாட்டியின் வரிகள் தெரிந்ததும், மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றிப் புதிய பெயரில் சேமியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தமிழ் எண்களுக்கு இடமில்லாத பழைய முறையில் யூனிகோடு கோப்பைச் சேமித்தால், எல்லாத் தமிழ் எழுத்தும் கேள்விக்குறியாகிவிடும். அதன் எண் 63. 'அ'வும் 63, 'ழ'வும் 63 என்றான பின் எதை வைத்து மீட்பது? குழம்பிய எழுத்துக்கு மருந்து உண்டு, கேள்விக்குறிக்கு இல்லை.

செய்து பாருங்கள்: உங்களிடமுள்ள ஒரு படக் கோப்பின் பிரதியை நோட்பேடில் திறந்து, தொடக்க எழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். சேமிக்காமல் மூடிவிடுங்கள். வேறொரு படத்திலும் அதே தொடக்கம் இருக்கிறதா?