வேதாகமத்தில் ஆசியா எது?



ஆசியாவில் போதிக்க வேண்டாமென்று அர்ச். சின்னப்பரைப் பரிசுத்த ஆவியானவர் தடுத்ததாக அப்போஸ்தலர் நடபடி 16-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். "அப்படியானால் ஆசியாவில் பிறந்த நம்மைச் சர்வேசுரன் ஒதுக்கிவிட்டாரா?" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன விடை சொல்வீர்கள்?

அந்த ஆசியா வேறு, இந்தக் கண்டம் வேறு. பெர்காமு அரசன் மூன்றாம் அத்தாலுஸ் கி.மு. 133-ல் இறந்தபோது தன் இராச்சியத்தை உரோமையருக்கு உயில் எழுதி வைத்திருந்தான். அவர்கள் அதை ஆசியா என்னும் மாகாணமாக்கினார்கள். இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி அது. எபேசு அதன் முக்கிய நகரம். காட்சியாகமம் கூறும் ஏழு சபைகளும் அங்கேதான் இருந்தன.

பெயரோ இன்னும் பழையது. அதே திசையில் இருந்த அசுவா என்ற நாட்டை, ஏறக்குறைய 3,400 ஆண்டுகளுக்கு முன் ஹித்தியர் தம் ஏடுகளில் குறித்தார்கள். ஆசியா என்ற பெயர் அதிலிருந்து வந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. கிரேக்கரே அப்பெயரைக் கிழக்கு நோக்கி விரித்துக் கண்டம் முழுவதற்கும் வழங்கினார்கள்.

ஆகவே கலங்க வேண்டாம். ஆண்டவர் பிறந்த பெத்லெகேமும், சின்னப்பர் பிறந்த தர்சு பட்டணமும் நம் கண்டத்திலேயே உள்ளன. அந்தத் தடையும் நிலைக்கவில்லை. 19-ம் அதிகாரத்தில், அதே சின்னப்பர் எபேசுவில் இரண்டு ஆண்டு போதித்தார். ஆசியாவில் வாழ்ந்த யாவரும் தேவ வாக்கைக் கேட்டார்கள்.

இன்றிரவு ஜெபமாலைக்குப் பின் இவ்விரு அதிகாரங்களையும் பிள்ளைகளோடு வாசியுங்கள்.