மான்செஸ்டர் தெருப் பையன்களும் நாடக மேடையும்

கோவையைத் 'தென்னிந்திய மான்செஸ்டர்' என்று சிறுவயது முதலே படித்து வந்திருக்கிறோம். 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே பஞ்சாலை தொடங்கிய கதையும் நாம் அறிந்ததே. ஆனால் நமக்குப் பெயர் தந்த அந்த ஊரின் ஆலைத் தெருக்களில் நம் வயதுப் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. இயற்பியல் மாணவனாகிய நான் இதில் நுழைந்ததற்கு ஒரு நாடகம் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

விக்டோரியா மகாராணியின் காலத்தில், ஏறத்தாழ 1870 முதல் 1890கள் வரை, மான்செஸ்டரிலும் அடுத்துள்ள சால்ஃபோர்டிலும் தெருவுக்குத் தெரு இளைஞர் கும்பல்கள் இருந்தன. இவர்களை 'ஸ்கட்லர்கள்' என்றனர். பகலில் ஆலையிலும் பட்டறையிலும் வேலை. வேலை விட்டால் பக்கத்துத் தெருக்காரனோடு சண்டை. கனத்த பக்கிள் வைத்த இடுப்புவார்தான் முக்கிய ஆயுதம். அதை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வீசுவர். அதே வாரில் பித்தளை ஊசிகளால் பாம்பு, அம்பு தைத்த இதயம், காதலியின் பெயர் என்று அலங்காரமும் செய்துகொள்வர்! பித்தளை முனை வைத்த மரக்கட்டைச் செருப்பு, அடியில் அகன்ற கால்சட்டை, கழுத்தில் பட்டுத்துணி, நெற்றிமுடி தெரியச் சாய்த்த தொப்பி ஆகியவை அவர்களின் கோலம். பெண்களும் இக்கும்பல்களில் இருந்தனர். ஆங்கோட்ஸ் பகுதியில் பெங்கால் தெரு என்று ஒன்று உண்டு. அத்தெருப் பையன்களின் கும்பலுக்கு 'வங்கப் புலிகள்' என்று பெயர். நம் நாட்டுப் புலி எங்கே போய் உறுமியிருக்கிறது, பாருங்கள்! கத்திக்குத்தும் உயிரிழப்பும் நேர்ந்தன, அதை மறைப்பதற்கில்லை. நூற்றாண்டின் இறுதியில் இளைஞர் மன்றங்களும் கால்பந்தும் பரவ, இச்சண்டைகள் ஓய்ந்தன.

அக்காலச் செய்தித்தாள்களிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் இவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகளாகவே நிற்கிறார்கள். அப்பதிவுகளைத் தேடி எடுத்து வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டேவிஸ் 2008-ல் ஒரு நூல் எழுதினார். மான்செஸ்டரின் 'மேட்' நாடகக் குழு 2009-ல் அதைத் தழுவி நாடகம் போட்டது. உழைக்கும் குடும்பத்து இளைஞர்களை மேடையேற்றும் உள்ளூர்க் குழு அது. 2015-ல் ரோனா மன்றோ எழுதிய 'ஸ்கட்லர்ஸ்' ராயல் எக்ஸ்சேஞ்ச் அரங்கில் நடந்தது. அந்த அரங்கு முன்பு பஞ்சு வியாபாரம் நடந்த மாபெரும் கூடம். 1968-ல் வியாபாரம் நின்ற நாளின் விலைகள் இன்னமும் அதன் உயரப் பலகையில் இருக்கின்றன. முதலாளிமார் விலை பேசிய இடத்தில் ஆலைப் பிள்ளைகளின் கதை!

நிற்க. சென்ற ஆண்டு ஒரு விழா நாடகத்தில் எனக்கு ரவுடி வேடம் கிடைத்தது. மில் லைன் வீட்டுப் பையன் என்பதால் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். லுங்கி, கழுத்தில் கைக்குட்டை, வாயில் பீடி. நானும் குறைவின்றிக் கத்தினேன், கைதட்டலும் வாங்கினேன். பார்க்க வந்திருந்த என் அப்புச்சி, ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் நின்றவர். வீடு திரும்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏங் கண்ணு, அந்தப் பையன் எந்த மில்லுக்குப் போறான்?"

எங்கள் நாடகத்தில் அதற்குப் பதில் இல்லை. அவனுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை, அடிப்பதற்கென்றே வந்தவன். மான்செஸ்டர்க்காரர்கள் தம் பையன்களின் கையில் வாரைக் கொடுக்குமுன் அவர்களை ஆலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வேடத்தை இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். முதற்காட்சிதான் முடிந்திருக்கிறது. மில் சங்கு ஊதுகிறது. தலையெல்லாம் பஞ்சோடு பையன் வெளியே வருகிறான்.